குமிழைத் திருகும் விளையாட்டுகள்

பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். ஒலியைக் கூட்டும் குமிழை மெதுவாகத் திருகினால் ஓரிடத்தில் மட்டும் "கரகர" என்று சத்தம் வரும். இன்னும் கொஞ்சம் திருகினால் சரியாகிவிடும். ரிப்பேர் கடைக்காரர் அதைத் திறந்து ஏதோ ஒரு திரவத்தை இரண்டு சொட்டு விட்டு, குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பத்துத் தடவை திருகிக் கொடுப்பார். சத்தம் போய்விடும்.

அந்தக் குமிழுக்குள் இருப்பது பொட்டன்ஷியோமீட்டர் என்கிற மிக எளிய சாதனம். குதிரை லாடம் மாதிரி வளைந்த ஒரு கரிப் பட்டை, அதன்மேல் தேய்த்துக்கொண்டு நகரும் ஓர் உலோகக் கை. கை எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்து மின்தடை கூடும், குறையும். அவ்வளவுதான் சங்கதி. வீடியோ கேம் என்ற மாபெரும் தொழிலின் முதல் சில ஆண்டுகள் முழுக்க முழுக்க இந்தச் சின்னப் பொருளின் தலையில்தான் நின்றன என்றால் இன்றைக்கு நம்பக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும்.

அந்தக் காலத்து விளையாட்டுகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் திரையைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். கறுப்புப் பின்னணி, வெள்ளைச் சதுரம், "பீப்" சத்தம். ஆனால் பாங், பிரேக்அவுட், கபூம் போன்ற விளையாட்டுகளில் பாதி திரையில் இருந்தது. மீதிப் பாதி கையில் இருந்த குமிழில் இருந்தது. குமிழை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பாதி விளையாட்டுதான். எப்படி என்று பார்ப்போம்.

ஜாய்ஸ்டிக்கும் கீபோர்டின் அம்புக்குறிகளும் திசையைச் சொல்பவை. "இடப்பக்கம் போ" என்று அழுத்தினால் மட்டை போய்க்கொண்டே இருக்கும், விட்டால் நிற்கும். எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்பதை விளையாட்டை எழுதியவர் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார். குமிழ் அப்படியல்ல. அது இடத்தைச் சொல்கிறது. குமிழ் இந்தக் கோணத்தில் இருந்தால் மட்டை திரையில் இந்த இடத்தில் இருக்கும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மட்டை எவ்வளவு வேகத்தில் போகும்? உங்கள் மணிக்கட்டு எவ்வளவு வேகமோ அவ்வளவு. ஐந்து எண் போட்ட பழைய மின்விசிறி ரெகுலேட்டருக்கும் ரேடியோ குமிழுக்கும் உள்ள வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள். ஒன்றில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எதுவும் கிடையாது. மற்றதில் நடுவே இருப்பதுதான் எல்லாமே.

இந்தக் குமிழை முதலில் விளையாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஓர் இயற்பியலாளர். 1958ல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் பொதுமக்கள் பார்வையிட வரும் நாளுக்காக வில்லியம் ஹிகின்பாதம் என்பவர் ஓர் அனலாக் கணினியையும் ஆசிலோஸ்கோப்பையும் இணைத்து ஒரு டென்னிஸ் விளையாட்டைத் தயார் செய்தார். கையில் ஒரு சிறிய பெட்டி, அதில் ஒரு குமிழ், ஒரு பொத்தான். குமிழ் பந்து போகும் கோணத்தைத் தீர்மானிக்கும், பொத்தான் அடிக்கும். ஜனங்கள் வரிசையில் நின்று ஆடினார்கள். இரண்டு வருடம் காட்டிவிட்டுப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். ஹிகின்பாதம் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்து, பிறகு அணு ஆயுதப் பரவலுக்கு எதிராகப் போராடியவர். அந்தப் பெட்டியை அவர் பெரிதாக எண்ணவில்லை.

அடுத்து 1972ல் மேக்னவாக்ஸ் நிறுவனத்தின் ஒடிசி. ரால்ஃப் பேயர் உருவாக்கியது. வீட்டுத் தொலைக்காட்சியில் இணைக்கும் முதல் விளையாட்டுக் கருவி. இதிலும் குமிழ்கள்தான்: மேலும் கீழும் நகர ஒன்று, பக்கவாட்டில் நகர ஒன்று, பந்தை வளைக்க இன்னொன்று. எந்தக் கை எதைத் திருகுவது என்று யோசிப்பதற்குள் பந்து போய்விடும். அந்த ஆண்டு மே மாதம் ஒடிசியின் காட்சி விளக்கத்துக்கு வந்தவர்களில் நோலன் புஷ்னெல் என்பவரும் ஒருவர். அடுத்த மாதமே அவரும் டெட் டாப்னியும் அடாரி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பின்னால் மேக்னவாக்ஸ் வழக்குப் போட்டது, 1976ல் அடாரி உரிமத் தொகை கொடுத்து சமாதானம் செய்துகொண்டது. அது தனிக் கதை.

அடாரியில் சேர்ந்த இளம் பொறியாளர் ஆலன் ஆல்கார்ன். அவருக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று ஒரு டேபிள் டென்னிஸ் விளையாட்டைச் செய்யச் சொன்னார் புஷ்னெல். சும்மா சொன்னால் ஆர்வம் வராதே! ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது என்று ஒரு பொய்யும் சேர்த்துச் சொன்னார். ஆல்கார்ன் அதை நம்பி, கேட்டதற்கு மேலேயே செய்துவிட்டார். மட்டையை எட்டுத் துண்டுகளாகப் பிரித்தார். பந்து எந்தத் துண்டில் படுகிறதோ அதைப் பொறுத்துத் திரும்பும் கோணம் மாறும். ஆட்டம் நீள நீளப் பந்தின் வேகம் கூடும். பாங் பிறந்தது.

பாங்கில் கணினி கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நிரல் இல்லை, மைக்ரோபிராசசர் இல்லை. வெறும் லாஜிக் சில்லுகளும் கம்பிகளும். அப்படியானால் குமிழைத் திருகினால் மட்டை எப்படி நகர்கிறது? இங்கேதான் அழகு இருக்கிறது. பழைய தொலைக்காட்சியில் படம் என்பது ஒரு எலக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாக வரிவரியாக எழுதுவது. அமெரிக்க முறையில் வினாடிக்கு 60 தடவை அது மேலே போய் மறுபடி இறங்கும். ஒவ்வொரு தடவையும் கற்றை மேலே இருக்கும்போது 555 என்ற டைமர் சில்லு ஒன்று ஓடத் தொடங்கும். அது எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதைக் குமிழின் மின்தடை தீர்மானிக்கிறது. நேரம் முடிந்த கணத்தில் கற்றை எந்த வரியில் இருக்கிறதோ அங்கே மட்டை வரையப்படும். மின்தடை அதிகமென்றால் நேரம் அதிகம், மட்டை கீழே. குறைவென்றால் மேலே.

அதாவது உங்கள் விரலுக்கும் திரையில் உள்ள வெள்ளைக் கோட்டுக்கும் நடுவே யாருமே இல்லை. குமிழை அசைத்தால் அடுத்த அறுபதில் ஒரு வினாடிக்குள் மட்டை அங்கே இருக்கும். இன்றைய எந்தக் கருவியும் இதைவிட நேரடியாகக் கையைத் திரையோடு கட்டவில்லை.

இந்தச் சுற்றில் ஒரு குறையும் இருந்தது. மட்டை திரையின் உச்சிவரை போகாது, கொஞ்சம் இடைவெளி விழும். ஆல்கார்ன் அதைச் சரிசெய்யாமல் விட்டுவிட்டார். நல்ல காரியம் செய்தார். இல்லையென்றால் தேர்ந்த இருவர் ஆடினால் ஆட்டம் முடியவே முடியாது. சத்தத்திலும் இதே கதை. புஷ்னெலுக்கு ரசிகர்களின் ஆரவாரம் வேண்டும், டாப்னிக்குக் கூச்சலும் எள்ளலும் வேண்டும். ஆல்கார்னுக்கு அதற்கெல்லாம் சில்லும் இல்லை நேரமும் இல்லை. சுற்றுக்குள் ஏற்கெனவே துடித்துக்கொண்டிருந்த ஒரு சமிக்ஞையை ஒலிபெருக்கியில் கொண்டுபோய் இணைத்தார். உலகம் முழுக்கத் தெரிந்த அந்த "பாங்" சத்தம் அப்படி வந்தது.

முதல் இயந்திரத்தை கலிஃபோர்னியாவின் சன்னிவேல் ஊரில் ஆண்டி கேப்ஸ் என்ற மதுக்கடையில் வைத்தார்கள். சில நாளில் மெஷின் வேலை செய்யவில்லை என்று அழைப்பு வந்தது. ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தால், காசு விழ வைத்திருந்த பாத்திரம் நிரம்பி வழிந்து, மேற்கொண்டு காசு விழ முடியாமல் நின்றிருந்தது. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். குடித்துவிட்டு வந்தவர்களுக்கும் அதை ஆடத் தெரிந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அதற்கு முந்திய ஆண்டு புஷ்னெலும் டாப்னியும் செய்த கம்ப்யூட்டர் ஸ்பேஸ் என்ற இயந்திரத்தில் நிறைய பொத்தான்கள், நீண்ட விளக்கக் குறிப்பு. அது அந்த அளவுக்கு ஓடவில்லை. பாங்கில் ஆளுக்கு ஒரு குமிழ். கதவுக் குமிழைத் திருகத் தெரிந்தால் போதும்.

திரையில் இருந்த அந்த மட்டைக்கு ஆங்கிலத்தில் பேடில் என்று பெயர். பிறகு அதை நகர்த்தும் குமிழ்ப் பெட்டிக்கே பேடில் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நிழலின் பெயரை ஆளுக்கு வைத்த மாதிரி.

இனி பிரேக்அவுட். பாங் ஆட இரண்டு பேர் வேண்டும். தனியாக வருபவனிடம் காசு வாங்குவது எப்படி? எதிராளியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செங்கல் சுவரை வை என்பதுதான் புஷ்னெலும் ஸ்டீவ் பிரிஸ்டோவும் யோசித்த வழி. சுற்றைக் குறைந்த சில்லுகளில் வடிவமைக்கும் வேலை அடாரியில் இரவுப் பணியில் இருந்த ஸ்டீவ் ஜாப்ஸிடம் போனது. சில்லு குறையக் குறைய ஊக்கத்தொகை. ஜாப்ஸுக்கு அந்த அளவு மின்னணு வேலை வராது. வரக்கூடிய நண்பர் ஒருவர் இருந்தார். பகலில் ஹியூலெட் பேக்கர்டில் கால்குலேட்டர் வடிவமைத்துக்கொண்டிருந்த ஸ்டீவ் வாஸ்னியாக். நான்கு பகல் நான்கு இரவு தூங்காமல் நாற்பத்துச் சொச்சம் சில்லுகளில் முடித்துக் கொடுத்தார். அது அவ்வளவு நெருக்கமாக இருந்ததால் அடாரிக்காரர்களால் அதைத் தயாரிப்புக்குக் கொண்டுபோக முடியவில்லை. வேறு வடிவமைப்பில்தான் 1976ல் இயந்திரம் வெளிவந்தது.

கூலி விஷயம் கொஞ்சம் கசப்பானது. 700 டாலர் வந்ததாகவும் அதில் பாதி என்றும் சொல்லி ஜாப்ஸ் தனக்கு 350 கொடுத்ததாகவும், உண்மையில் வந்தது சில ஆயிரம் டாலர் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்ததாகவும் வாஸ்னியாக் சொல்லியிருக்கிறார். 2011ல் வந்த வால்டர் ஐசக்சனின் வாழ்க்கை வரலாற்றில் ஜாப்ஸ் அதை மறுக்கிறார். கேட்டிருந்தால் முழுப் பணத்தையும் கொடுத்திருப்பேனே என்பதுதான் வாஸ்னியாக்கின் வருத்தம். பணத்தைவிடப் பெரிதாக ஒன்று அந்த நான்கு இரவுகளில் அவருக்குக் கிடைத்தது. 1977ல் ஆப்பிள் II கணினியை அவர் வடிவமைத்தபோது, பிரேக்அவுட்டை வன்பொருளில் செய்ததுபோல பேசிக் மொழியில் நிரலாக எழுதிவிட முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வியாக இருந்தது. வண்ணம் வேண்டும் என்றார், அது இதற்காக. ஒலிபெருக்கி, அதுவும் இதற்காக. குமிழ்களை இணைக்கும் சுற்று, கேட்கவே வேண்டாம். ஆரம்ப கால ஆப்பிள் II கணினிகளோடு இரண்டு பேடில்களும் பெட்டியிலேயே வந்தன. கணக்குப் போடவும் கடிதம் எழுதவும் பயன்பட்ட ஒரு கணினி உள்ளுக்குள் ஒரு செங்கல் உடைக்கும் விளையாட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டது.

பிரேக்அவுட்டின் கணக்கு ரொம்பச் சுத்தமானது. எட்டு வரிசை, வரிசைக்கு 14 செங்கல். கீழே இரண்டு வரிசை மஞ்சள், ஒரு செங்கலுக்கு ஒரு புள்ளி. அதற்கு மேல் பச்சை, 3. ஆரஞ்சு, 5. சிவப்பு, 7. ஒரு சுவருக்கு 448 புள்ளி, இரண்டு சுவருக்கு 896, அதோடு சரி. (திரை கறுப்பு வெள்ளைதான். நிறங்கள் எல்லாம் கண்ணாடியில் ஒட்டிய செலோபேன் பட்டைகள்!) நாலாவது அடியில் பந்து வேகமெடுக்கும், பன்னிரண்டாவது அடியில் இன்னும். ஆரஞ்சில் பட்டால் வேகம், சிவப்பில் பட்டால் வேகம். சிவப்பைத் தாண்டி உச்சிச் சுவரைத் தொட்டுவிட்டால் உங்கள் மட்டை பாதியாகச் சுருங்கிவிடும். ஆனால் ஓரத்தில் ஒரு துளை போட்டு பந்தைச் சுவருக்குப் பின்னால் அனுப்பிவிட்டால், அது அங்கேயே மேலும் கீழும் மோதி ஒரு கொத்துச் செங்கலைத் தானே உடைத்துத் தள்ளும். அந்த ஐந்து பத்து வினாடிகள் கையைச் சும்மா வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம். அந்தச் சுகத்துக்காகத்தான் ஜனங்கள் காசு போட்டார்கள்.

இவ்வளவு எளிமையாக இருந்ததே அதற்கு ஒரு தொல்லையும் கொடுத்தது. 1987ல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம், இதில் வெறும் கோடுகளும் கட்டங்களும்தானே இருக்கின்றன, படைப்பு எங்கே என்று பதிவு செய்ய மறுத்தது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக, பிற்காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க் 1989லும் 1992லும் இரண்டு தடவை அலுவலகத்தின் காரணங்களைத் திருப்பி அனுப்பினார். நீதிமன்றத்தில் பேசப்பட்டது திரையில் தெரிவதைப் பற்றி மட்டும்தான். குமிழைப் பற்றி யார் பேசுவார்?

வீட்டுக்குள் வருவோம். 1977ல் வந்த அடாரி 2600 கருவியின் பெட்டியில் ஒரு ஜோடி ஜாய்ஸ்டிக்கும் ஒரு ஜோடி பேடிலும் சேர்ந்தே இருந்தன. இரண்டு பேடிலுக்கும் ஒரே பிளக். Y எழுத்து மாதிரி வயர் பிரிந்து போகும். கருவியில் இரண்டு துளைகள் என்பதால் நான்கு பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். ஜாய்ஸ்டிக்கில் இரண்டு பேர்தான். கூட்டமாக ஆடும் வீடுகளில் யாருக்கு மவுசு என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த நான்கு பேருக்கென்றே இருந்தது வார்லார்ட்ஸ். 1980ல் ஆர்கேடில் வந்ததை 1981ல் 2600க்கு எழுதியவர் கார்லா மெனின்ஸ்கி, அடாரியில் இருந்த மிகச் சில பெண் நிரலாளர்களில் ஒருவர். நான்கு மூலையில் நான்கு கோட்டை, நடுவில் ஒரு தீப்பந்து. கேடயத்தை மூலையைச் சுற்றித் திருப்பித் தடுக்க வேண்டும், பொத்தானை அழுத்திப் பந்தைப் பிடித்து வேண்டாதவன் கோட்டைமேல் விட வேண்டும். 128 பைட் நினைவகத்தில் நான்கு பேருக்கும் சண்டை மூட்டிவிட்ட விளையாட்டு! அண்ணன் தங்கை கூட்டணி, துரோகம் எல்லாம் சோபாவிலேயே நடக்கும். சர்க்கஸ் அடாரி, நைட் டிரைவர், சூப்பர் பிரேக்அவுட் ஆகியவையும் இதே குமிழுக்குத்தான். நைட் டிரைவரில் இருட்டில் சாலையோரக் கம்பங்கள் மட்டும் தெரியும், மற்றதை மூளை நிரப்பிக்கொள்ளும். நல்ல விளையாட்டுகள்தான், ஆனால் கபூம் பக்கத்தில் வைக்க முடியாது.

கபூம் 1981ல் வந்தது. அடாரியை விட்டு வெளியேறிய நிரலாளர்கள் தொடங்கிய ஆக்டிவிஷன் நிறுவனத்தில் லாரி கேப்லன் எழுதியது, படங்களில் டேவிட் கிரேன் கைவைத்தார். மேலே கைதிச் சட்டை போட்ட ஒரு கிறுக்கன் இடமும் வலமும் ஓடிக்கொண்டே குண்டு போடுகிறான். கீழே உங்களிடம் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தண்ணீர் வாளிகள். எல்லாக் குண்டையும் பிடிக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் திரையில் உள்ள குண்டெல்லாம் வெடித்து ஒரு வாளி போய்விடும். கிறுக்கன் சிரிப்பான். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, நாலு கட்டப் புள்ளிகளில் வரைந்த சிரிப்பு, அதைப்போல எரிச்சல் மூட்டிய முகம் பிறகு எந்த விளையாட்டிலும் வரவில்லை.

முதல் கட்டத்தில் 10 குண்டு, ஒன்றுக்கு ஒரு புள்ளி. அடுத்ததில் 20, இரண்டு புள்ளி. இப்படியே ஏறி எட்டாவது கட்டத்தில் 150 குண்டு, எட்டுப் புள்ளி. ஒன்றைக்கூட விடாமல் எட்டுக் கட்டமும் முடித்தால் 2,900. மூவாயிரத்தைத் தாண்டித் திரையைப் படம்பிடித்து அனுப்பினால் ஆக்டிவிஷன் சட்டையில் தைத்துக்கொள்ள ஒரு துணிப் பட்டை அனுப்பிவைத்தது. கணக்கைக் கவனித்தீர்களா? எட்டையும் முடித்தாலும் நூறு குறைகிறது. எட்டாவது வேகத்தில் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்தவருக்குத்தான் பட்டை.

அந்த எட்டாவது வேகத்தில் கண்ணால் பார்த்து, மூளையால் யோசித்து, கையால் நகர்த்துவது நடக்காத காரியம். குண்டுகள் ஒரு நெளியும் கயிறு மாதிரி இறங்கும். கை அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே போகும். கொஞ்ச நேரத்தில் வாளியை நகர்த்துகிறோம் என்ற உணர்வே போய்விடும். இதை ஜாய்ஸ்டிக்கில் செய்யவே முடியாது. ஜாய்ஸ்டிக்குக்கு ஒரு நிலையான வேகம்தான் உண்டு. கபூமோ ஒரு நொடியில் திரையின் இந்தக் கோடிக்கும் அடுத்த நொடியில் ஒரு நூல் இடைவெளிக்கும் போகச் சொல்கிறது. மணிக்கட்டுக்கு மட்டும்தான் இரண்டும் தெரியும்.

குமிழில் இன்னொரு ஜாதியும் உண்டு, முடிவில்லாமல் சுற்றுவது. பொட்டன்ஷியோமீட்டர் முக்கால் சுற்றுப் போனதும் முட்டி நின்றுவிடும். ஸ்பின்னர் எனப்படும் இந்த வகை எங்கே இருக்கிறது என்று சொல்லாது, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று மட்டும் சொல்லும். இதில் ராஜா 1981ல் டேவ் தூரர் செய்த டெம்பெஸ்ட். பூமியில் ஒரு துளை, அதற்குள்ளிருந்து ஜந்துக்கள் ஏறி வருகின்றன. அவருக்கு வந்த கெட்ட கனவிலிருந்து எடுத்தது. முதலில் ஆளை நிற்கவைத்துத் துளையைச் சுழற்றிப் பார்த்தார், ஆடியவர்களுக்குத் தலைசுற்றியது. பிறகு துளையை நிற்கவைத்து ஆளைச் சுற்றவிட்டார். கனமான குமிழைத் தட்டிவிட்டால் அது தன்பாட்டுக்குச் சுற்றும், விளிம்பில் உங்கள் ஆள் பறப்பான். ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 1986ல் பிரேக்அவுட்டைப் புதுப்பித்துச் செய்த அர்கனாய்டும் ஸ்பின்னர்தான்.

பிறகு ஏன் குமிழ் காணாமல் போனது? யாரும் சதி செய்யவில்லை. குமிழுக்கு ஒரு கோட்டில்தான் போகத் தெரியும். பாக்மேனுக்கு நான்கு திசை வேண்டும், மாரியோ ஓடவும் குதிக்கவும் வேண்டும். குன்பெய் யோகோய் வடிவமைத்த சிலுவை வடிவப் பொத்தான் 1983ல் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியில் வந்தபின் எல்லோரும் அதன் பின்னால் போனார்கள். எந்த விளையாட்டுக்கும் சுமாராகப் பொருந்தும் ஒரு கருவி, ஒரே விளையாட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் கருவியை வீட்டைவிட்டு அனுப்புவது இயல்புதான். 1987ல் அமெரிக்காவில் அதே நின்டெண்டோவுக்கு அர்கனாய்டு வந்தபோது டைட்டோ நிறுவனம் அதற்கென்று தனியாக ஒரு குமிழ்ப் பெட்டியைச் சேர்த்து விற்றது. பொத்தானில் ஆடினால் அது அர்கனாய்டாக இருக்காது என்று செய்தவர்களுக்கே தெரிந்திருந்தது.

இந்தியாவில் 90களின் கடைசியில் கணினி வகுப்புக்குப் போனவர்களுக்கு இந்தக் குடும்பத்தில் ஓர் உறவு உண்டு: டிஎக்ஸ் பால். 1996ல் வந்த அந்தச் செங்கல் உடைப்பு மவுஸில் ஆடியது. மவுஸும் கையின் வேகத்தை அப்படியே கொண்டுபோவதால் அதில் குமிழின் வாசனை கொஞ்சம் இருந்தது. அதே விளையாட்டை அம்புக்குறியில் ஆடிப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரிந்திருக்கும்.

இன்றைக்கு இந்தப் பழைய விளையாட்டுகள் எல்லாம் எமுலேட்டரில் கிடைக்கின்றன. பழைய இயந்திரத்தைப் போலவே நடிக்கும் மென்பொருள் அது. ஒரு புள்ளி பிசகாமல் அதே படம், அதே சத்தம். பத்திரமாக இருக்கிறது என்று மகிழ்ந்து அம்புக்குறியை அழுத்தினால், கபூம் மூன்றாவது கட்டத்தில் முடிந்துபோகும். இதற்கா ஜனங்கள் பைத்தியமாக இருந்தார்கள் என்று இளைஞர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. வீணையின் படத்தைக் காட்டி வாசிக்கச் சொன்ன மாதிரிதான்.

இதன் உச்சம் 2015ல் நடந்தது. லண்டனின் டீப்மைண்ட் நிறுவனம் 2600 விளையாட்டுகளைத் தானே கற்றுக்கொள்ளும் ஒரு நிரலைப் பற்றி நேச்சர் இதழில் எழுதியது. பிரேக்அவுட்டில் அது ஓரத்தில் துளை போட்டுப் பந்தைப் பின்னால் அனுப்பும் வித்தையைத் தானாகவே கண்டுபிடித்த காணொளியை உலகமே பார்த்தது. நிரலின் சராசரி 401 புள்ளி. ஒப்பிட ஆடிய தொழில்முறை மனிதரின் சராசரி 31.8! 2600ல் இரண்டு சுவருக்கும் சேர்த்து 864 புள்ளி. பேடிலோடு கார்ப்பெட்டில் உட்கார்ந்து இரண்டு சுவரையும் உடைத்த பழைய பிள்ளைகள் அந்த 31.8ஐப் பார்த்தால் சிரிப்பார்கள். மனிதர் ஆடியதும் அதே எமுலேட்டரில்தான், ஒலிகூட அணைக்கப்பட்டிருந்தது. நிரலுக்குத் தரப்பட்ட செயல்கள் நான்கு: சும்மா இரு, பொத்தானை அழுத்து, இடம், வலம். அதாவது பிரேக்அவுட்டை வென்றதாகப் புகழப்பட்ட அந்த நிரல் ஒரு குமிழையும் திருகியதில்லை. அது வென்றது பிரேக்அவுட்டின் படத்தை.

அசல் பேடிலை வைத்திருப்பவர்களுக்கும் சிக்கல்தான். ஒன்று திரை. பழைய குழாய்த் தொலைக்காட்சியில் கையும் மட்டையும் ஒட்டிக்கொண்டிருந்தன. இன்றைய தட்டைத் திரைகள் படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்குள் ஒரு சிறு தாமதம் விழுகிறது; கபூமின் எட்டாவது கட்டத்துக்கு அந்தத் தாமதம் போதும், மூன்று வாளியும் காலி. 2023ல் அடாரி 2600 பிளஸ் என்று புதிய கருவி வந்து, அதற்குப் புதிதாகச் செய்த பேடில்களும் விற்பனைக்கு வந்தன. நல்ல சேதிதான். திரை மட்டும் புதுசு.

இன்னொன்று, கரிப் பட்டை. நாற்பது வருடத் தூசியும் தேய்மானமும் சேர்ந்து, குமிழைத் தொடாமலேயே மட்டை வயதானவர் கைபோல நடுங்கும். ரேடியோவில் கரகரவென்று கேட்டதேதான் இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. பலர் பேடில் போய்விட்டது என்று குப்பையில் போட்டுவிட்டார்கள். போட வேண்டியதில்லை. குமிழைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். அடியில் இரண்டு திருகாணி. உள்ளே இருக்கும் பொட்டன்ஷியோமீட்டரின் இடுக்கில் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் அடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இருபது முப்பது தடவை திருக வேண்டும். உலரவிட்டு மூடி, ஒரு பழைய குழாய் டிவியைத் தேடிப் பிடித்து இணைத்தால், மூன்று வாளிகளும் அசையாமல் நிற்கும். மேலே கிறுக்கன் பொத்தானை அழுத்தக் காத்திருப்பான்.